முதலில் அவரைக் கேட்க வேண்டும்: கால்நடை மருத்துவர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதக் கட்டில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. வயதான படை நாய்களை, அவற்றோடு வேலை பார்த்த வீரர்களிடமே கொடுத்துவிடலாமா என்பதுதான் அது. மடிநோய், வெள்ளைக் கழிச்சல் பற்றி எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழில் பதில் உண்டு. 32 வருடம் அரசு கால்நடை மருத்துவராக இருந்தவன் நான். இந்த விஷயம் என் மனதிலும் நெடுநாளாகக் கிடக்கிறது.

*

ரயிலில் முதல் வகுப்பு ஏ.சி. பெட்டியில் போர்வைக்குள் படுத்திருந்த ஒரு ராணுவ நாயின் படத்தைப் பேரன் போனில் காட்டினான். ஓய்வு பெற்று மீரட்டுக்குப் போகிறதாம். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் இத்தனை நாள் கூடவே இருந்த வீரரின் வீட்டுக்கே அதை அனுப்பியிருக்கக் கூடாதா?
ஓய்வு பெற்ற ஆசிரியை, காரைக்குடி

டீச்சர், நீங்கள் பார்த்தது மேருவின் படமாக இருக்கும். 2024-ல் எல்லார் போனிலும் சுற்றியது. ராணுவத்தின் 22-வது நாய்ப் பிரிவில் தடம் பிடிக்கும் வேலை பார்த்த நாய் அது. அப்போது அதற்கு வயது ஒன்பது. பெரிய உடம்புள்ள நாய்க்கு ஒன்பது வயது என்றால் நம் கணக்கில் அறுபதைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு மூட்டு தேயும் வயது, ஆட்டமும் குலுக்கலும் உடம்புக்கு ஆகாத வயது. அதை ஏ.சி. பெட்டியில், கூடவே ஆள் போட்டுக் கூட்டிப்போனார்கள் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

ஏன் நிம்மதி என்கிறேன் என்றால், முன்பு நிலைமை வேறு. 2015-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒருவர் கேட்ட கேள்விக்கு ராணுவம் கொடுத்த பதிலில்தான், வேலைக்கு ஆகாத நாய்களைக் கருணைக்கொலை செய்துவிடும் வழக்கம் இருந்தது ஊருக்குத் தெரிந்தது. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. அப்புறம் வழக்கம் மாறியது. மீரட்டில் ராணுவக் கால்நடைப் படையின் மையத்திலேயே ஓய்வு நாய்களுக்கு இடம் இருக்கிறது. நானும் என் கையால் எத்தனையோ நாய்களுக்குக் கடைசி ஊசி போட்டவன். குணமாகாத வலியில் துடிக்கிற உயிருக்கு அது உதவி. தானே எழுந்து நடந்து, தட்டில் போட்டதைச் சாப்பிடுகிற ஒரு நாய்க்கு அது உதவியே இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வீரருக்கு உண்மையிலேயே சில சங்கடங்கள் உண்டு. அவர் இன்னும் பணியில் இருப்பார். தங்குவது படை முகாமில். அடுத்த மாதமே புதிதாக ஒரு குட்டியைக் கையில் கொடுத்துப் பயிற்சிக்கு அனுப்பலாம், வேறு மாநிலத்துக்கு மாற்றலும் வரலாம். ஊரில் இருக்கும் மனைவிக்கு நாய் என்றால் பயமாக இருக்கலாம். "என்னால் முடியாது" என்று அவர் சொன்னால் யாரும் குறை சொல்லக் கூடாது. என் வாதம் ஒன்றே ஒன்றுதான். அவர் முடியும் என்பாரோ முடியாது என்பாரோ, முதலில் அவரைக் கேட்க வேண்டும். மீரட்டோ வேறு இல்லமோ வெளி ஆளோ, எல்லாம் அதற்குப் பிறகு.

*

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே இருக்கிறது என்கிறார்களே, எப்படி வந்தது?
கல்லூரி மாணவர், மதுரை

ஆமாம் தம்பி, இருக்கிறது. ஆனால் லேசில் வரவில்லை.

இரண்டாம் உலகப் போரில் அங்கே மக்கள் தங்கள் வீட்டு நாய்களையே படைக்குக் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் அவற்றில் நிறைய நாய்கள் வீடு திரும்பின. சிசிலியில் பேர் வாங்கிய சிப்ஸ் என்கிற கலப்பின நாய் 1945 டிசம்பரில் தன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. பின்னால் நாய்களைப் படையே விலைக்கு வாங்க ஆரம்பித்தது, கணக்கும் மாறியது. நாய் என்பது துப்பாக்கி, ஜீப் மாதிரி ஒரு தளவாடம் என்று ஆனது. வியட்நாமுக்குச் சுமார் 4,000 நாய்களைக் கொண்டுபோனார்கள். திரும்பியவை 200 போல. மீதியில் செத்தவை போக, மற்றவற்றைத் தென் வியட்நாம் படையிடம் விட்டார்கள் அல்லது ஊசி போட்டார்கள். தன் உயிரைக் காப்பாற்றிய நாயைக் கூண்டில் விட்டுவிட்டு விமானம் ஏறிய வீரர்கள் அதை மறக்கவில்லை. வயதான பிறகும் அவர்கள் விடாமல் பேசியதால்தான் சட்டத்துக்கு வழி பிறந்தது.

சட்டத்துக்குப் பேர் கொடுத்தது ராபி என்கிற பெல்ஜியன் மாலினோய். வர்ஜீனியாவில் குவான்டிகோ என்ற இடத்தில், மரைன் என்கிற அமெரிக்கப் படைப்பிரிவின் தளத்தில் இருந்தது. மூட்டுவாதம் வந்து வேலைக்கு ஆகாமல் போனதும், அதன் ஹேண்ட்லர், அதாவது அதைக் கையாண்டு கூடவே வேலை பார்த்த வீரர், "நான் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்" என்று கேட்டார். விதியில் இடமில்லை. விஷயம் மேரிலாந்து எம்.பி. ராஸ்கோ பார்ட்லெட்டிடம் போனது, அவர் மசோதா கொண்டுவந்தார். 2000 நவம்பர் 6-ல் அதிபர் கிளின்டன் கையெழுத்துப் போட்டார். பழைய ஹேண்ட்லர், காவல் துறை, நன்றாகப் பார்த்துக்கொள்ளக்கூடிய பொதுமக்கள் என யாரும் தத்தெடுக்கலாம் என்று வழி திறந்தது. ஆனால் ராபி வீட்டுக்குப் போகவில்லை. உடம்பு மிகவும் மோசமாகிவிட்டதென்று 2001 ஜனவரியில் அதற்கு ஊசி போட்டுவிட்டார்கள்.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பலர் கவனிக்காத ஒன்று. ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும் என்று அப்போது அதில் எழுதினார்கள். எத்தனை நாயைத் தத்துக் கொடுத்தீர்கள், எத்தனை காத்திருக்கின்றன, எத்தனைக்கு ஊசி போட்டீர்கள் என்று எழுத வேண்டும். ஊசி போட்ட ஒவ்வொரு நாய்க்கும், தத்துக் கொடுக்காமல் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று காரணமும் சொல்ல வேண்டும். காரணத்தை எழுத வேண்டும் என்று வந்துவிட்டாலே கை ஒரு நிமிடம் யோசிக்கும். 32 வருடம் பதிவேடு எழுதியவன் சொல்கிறேன்.

சரி, சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. "ஹேண்ட்லருக்கும் கொடுக்கலாம்" என்று இருந்ததே தவிர, "ஹேண்ட்லருக்குத்தான் முதலில்" என்று இல்லை. மேகன் லீவி என்ற மரைன் வீராங்கனையும் ரெக்ஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்டும் 2006-ல் இராக்கின் ரமாதியில் ஒரே குண்டுவெடிப்பில் காயம்பட்டார்கள். அவர் பணியிலிருந்து விலகிவிட்டார், நாய் விலகவில்லை. ரெக்ஸின் முகத்தில் ஒரு பக்கம் செயலிழந்து அது வேலைக்கு ஆகாமல் போன பிறகும், ஊர் ஆதரவும் ஒரு செனட்டர் ஆதரவும் திரட்டித்தான் 2012 ஏப்ரலில் அதை வாங்க முடிந்தது. அந்த டிசம்பரிலேயே ரெக்ஸ் போய்விட்டது. எட்டு மாதம்தான் தம்பி. முன்பே கொடுத்திருந்தால் அந்தக் கணக்கு எவ்வளவோ மாறியிருக்கும்.

லெக்ஸ் என்ற நாயின் கதை இன்னும் கனமானது. 2007 மார்ச்சில் ஃபலூஜாவில் அதன் ஹேண்ட்லர் டஸ்டின் லீ கொல்லப்பட்டார். லெக்ஸ் உடம்பிலும் குண்டுச் சிதறல்கள். மகனோடு கடைசி நிமிடம் வரை இருந்த உயிர் எங்களுக்கு வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். லெக்ஸுக்கு இன்னும் பணிக்காலம் இருந்தது. என்றாலும் அந்த டிசம்பரில் படை அதை விடுவித்து மிசிசிப்பியில் அவர்கள் வீட்டுக்கு அனுப்பியது. 2012 வரை அங்கேயே இருந்தது.

அப்புறம் ஒரு பெரிய தவறு நடந்தது. வெடிகுண்டு கண்டுபிடிக்க 2011-ல் அமெரிக்கத் தரைப்படை ஆரம்பித்த ஒரு நாய்த் திட்டத்தை 2014-ல் மூடினார்கள். நாய்களை அவசர அவசரமாகப் பிரித்துக் கொடுத்ததில், பல ஹேண்ட்லர்கள் "என் நாய் எங்கே" என்று வருடக்கணக்கில் தேடினார்கள். அது சரியாக நடக்கவில்லை என்று பாதுகாப்புத் துறையின் தணிக்கை அதிகாரியே 2018-ல் அறிக்கை கொடுத்தார். இதற்கு நடுவில், 2015 நவம்பரில்தான், தத்துக் கொடுப்பதில் பழைய ஹேண்ட்லருக்கு முன்னுரிமை என்று சட்டத்தில் ஏறியது. "கொடுக்கலாம்" என்பது "முதலில் அவருக்கு" என்று ஆக 15 வருடம் பிடித்திருக்கிறது. நாய்க்கு அது ஒரு முழு ஆயுள்.

*

நான் 24 வருடம் ராணுவத்தில் இருந்தவன். கடிக்கப் பழக்கிய நாயைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் விடுவது ஆபத்து. பாசம் வேறு, பாதுகாப்பு வேறு. இதை எழுதுவீர்களா?
ஓய்வு பெற்ற சுபேதார், வேலூர் மாவட்டம்

எழுதுகிறேன் ஐயா. நீங்கள் சொல்வதில் பாதியை நான் அப்படியே ஒத்துக்கொள்கிறேன். சோதிக்காமல் எந்தப் படை நாயையும் வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. புது ஆள் திடீரென்று கை ஓங்கினால் என்ன செய்கிறது, வாயில் பந்து இருக்கும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறதா, பட்டாசு வெடித்தால் எங்கே ஓடுகிறது, எல்லாம் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலும் நடத்தைச் சோதனையும் மருத்துவப் பரிசோதனையும் முடிந்துதான் கொடுக்கிறார்கள். போர்க்களம் போய்வந்த நாய்களுக்கு மனிதர்களைப் போலவே மனக்காயம் வருகிறது என்பதை டெக்சாஸில் லேக்லேண்ட் தளத்து மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். 2011-ல் வந்த ஒரு கணக்குப்படி, களத்தில் இருந்த சுமார் 650 நாய்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் அப்படி இருந்தன.

ஆனால் மறு பாதியையும் கேளுங்கள். இரண்டாம் உலகப் போரில் குவாம் தீவில் நாய்ப் படைப்பிரிவை நடத்தியவர் வில்லியம் புட்னி, அவரும் கால்நடை மருத்துவர். இந்த நாய்கள் இனி வீட்டுக்கு லாயக்கில்லை, கொன்றுவிடலாம் என்று பேச்சு வந்தபோது, பழக்கியது போலவே பழக்கத்தை மாற்றவும் முடியும் என்று அவர் நின்றார். போர் முடிந்தபோது மரைன் படையிடம் 559 நாய்கள். அவற்றில் டாபர்மேன்கள் நிறைய, போர் பார்த்தவையும் உண்டு. 540 நாய்கள் வீடுகளுக்குப் போயின. 19 நாய்களுக்கு மட்டும் ஊசி போட்டார்கள். அதில் 15 நோயால். திருத்தவே முடியாது என்று முடிவானவை நான்குதான். குவாமில் உயிர்விட்ட 25 நாய்களுக்கு 1994-ல் அங்கே நினைவுச்சின்னம் எழும்பியதும் அவர் முயற்சியால்தான். பிறகு 2000-ல் வந்த சட்டத்துக்காகவும் அந்த வயதில் குரல் கொடுத்தார்.

இன்னொன்று ஐயா. ஆபத்து இருக்கிறது என்பதே ஹேண்ட்லரிடம் கொடுப்பதற்கான காரணம் இல்லையா? அந்த நாயின் காது எப்போது பின்னால் போகும், எந்தச் சொல்லுக்குக் கவ்வியதை விடும் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தானே. நம் படையிலும் இதைக் கண்டவர் நீங்கள். 2015-ல் காஷ்மீரின் தங்தார் பகுதியில் ஊடுருவியவர்களைத் தடம் பிடித்துப் போன மான்சி என்ற லேப்ரடாரும், அதன் ஹேண்ட்லர் பஷீர் அகமது வாரும் ஒரே மோதலில் உயிரிழந்தார்கள். அப்படி ஒரு இணையில் இரண்டு பேரும் பிழைத்து வயதாகிவிட்டால், பிரித்துத்தான் வைக்க வேண்டுமா?

*

நாய்க்கு உண்மையிலேயே ஆளை ஞாபகம் இருக்குமா, சோறு போடுகிற கை எதுவாக இருந்தாலும் போதுமா?
வாசகி, திண்டுக்கல்

ஒரு லேப்ரடாரைப் பற்றிச் சொல்கிறேன் அம்மா.

தென்மாவட்டம் ஒன்றில் நான் இருந்தபோது, சீருடைப் பிரிவு ஒன்றிலிருந்து அதைச் சிகிச்சைக்குக் கொண்டுவருவார்கள். பெண் நாய். வெடிபொருள் தேடும் வேலை. லேப்ரடாருக்கே உரிய தொல்லை, மடிந்த காதுக்குள் அடிக்கடி சீழ் பிடிக்கும். நான் காதைத் தொட்டால் உடம்பு முழுக்க விறைக்கும். அதன் காவலர் உள்ளங்கையை அதன் கண்மேல் வைத்து, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்பார். பெண் நாயை அவர் "டா" போட்டுத்தான் கூப்பிடுவார். சொட்டு மருந்தை விடுமுன் பாட்டிலைத் தன் கைமுட்டிக்குள் வைத்து இரண்டு நிமிடம் மூடிக்கொண்டு நிற்பார். ஒருநாள் ஏன் என்று கேட்டேன். "குளுந்து இருந்தா துள்ளுது சார்" என்றார். எனக்கு அதுவரை தோன்றவில்லை.

ஓய்வுக்கு நாள் வந்தபோது அவர் வெளியூரில் திருவிழாப் பாதுகாப்பில் இருந்தார். திரும்பிவந்து பார்த்தால் கூண்டு காலி. பண்ணை வீடு வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வாங்கியவர் நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. காவலர் என்னிடம் வந்து சான்றிதழ் மாதிரி ஏதாவது எழுதித்தரச் சொன்னார். பழகிய ஆளிடம் இருப்பதே நாயின் உடல்நலத்துக்கு நல்லது என்று அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

நான்கு மாதம் கழித்துப் பண்ணை வீட்டுக்காரர் அதை வேனில் ஏற்றி என்னிடம் கொண்டுவந்தார். சாப்பிடுவதில்லை, எடை பாதியாகத் தெரிந்தது. காது நாற்றம் தாங்கவில்லை. மருந்து போட்டீர்களா என்றேன். ஃப்ரிட்ஜில் பத்திரமாக வைத்திருக்கிறோம், போடப்போனால் கடிக்க வருகிறது என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. காவலருக்குப் போன் போட்டேன்.

சாயங்காலம் டியூட்டி முடிந்து சீருடையோடு வந்தார். கேட் ஓரத்தில் நின்றார், கூப்பிடவில்லை. சிமென்ட் தரையில் கிடந்த நாய்க்குக் கண்ணில் புரை, அந்தத் தூரத்தில் ஆள் தெரியாது. முதலில் மூக்குதான் தூக்கியது. காற்றில் இரண்டு தரம் இழுத்தது. பின்னங்கால் ஒத்துழைக்காமல் வழுக்கி வழுக்கி எழுந்து, சுவரில் இடித்துக்கொண்டு அவரிடம் போனது. டீக்கடையிலிருந்து வாங்கிவந்த இட்லியில் பாதியை அவர் கையிலிருந்து தின்றது. பண்ணை வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "நீங்களே கொண்டுபோங்க தம்பி, இது உங்க புள்ள" என்றார். அதன்பின் ஒரு வருடமும் இரண்டு மாதமும் அது இரண்டு அறைக் குடியிருப்பில் அவரோடு இருந்தது. காது ஆறியது.

ஞாபகம் இருக்குமா என்று கேட்டீர்கள். அதற்கு இருந்தது. அதோடு, பாட்டிலைக் கைக்குள் வைத்துச் சூடாக்க வேண்டும் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை, அவரிடம் மட்டும்தான் இருந்தது. நாயை வேறு கைக்கு மாற்றும்போது இப்படி எத்தனை விஷயம் தொலைகிறது என்பதுதான் என் கவலை.

*

என் கணவர் வடக்கே ஒரு படையில் நாய் ஹேண்ட்லர். அவருடைய ஜெர்மன் ஷெப்பர்டுக்கு அடுத்த வருடம் ஓய்வு. இவருக்கும் இன்னும் சில மாதத்தில் பணி முடிகிறது. வீட்டுக்குக் கொண்டுவர ஆசைப்படுகிறார். குளிரில் இருந்த நாய் நம் வெயிலைத் தாங்குமா? என்ன செய்ய வேண்டும்?
வாசகி, தென்காசி மாவட்டம்

தங்கச்சி, முதல் வேலை காகிதம். படைக்குப் படை நடைமுறை மாறும். ஓய்வு தேதி வரும் வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே அவர் தன் பிரிவு அதிகாரிக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கட்டும். வீட்டில் சுற்றுச்சுவர் உண்டு, நிழல் உண்டு, செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று எழுதுங்கள், வீட்டுப் படமும் வையுங்கள். நாயின் மருத்துவப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தடுப்பூசித் தேதி, பழைய காயம், எக்ஸ்ரே எல்லாம் அதில் இருக்கும்.

வெயிலைத் தாங்கும், ஆனால் பழக்கித்தான். முடிந்தால் கார்த்திகை, மார்கழியில் கொண்டுவாருங்கள். சித்திரையில் வேண்டாம். முடியை மழிக்காதீர்கள், அந்த இரட்டை ரோமம் வெயிலையும் தடுக்கிறது. தினமும் சீவி உதிர் முடியை எடுத்தால் போதும். நடை காலை ஆறு மணிக்கு முன், மாலை வெயில் தாழ்ந்த பிறகு. விடாமல் இரைத்து, நாக்கும் ஈறும் ரத்தச் சிவப்பாகி, தள்ளாடினால் வெப்ப அதிர்ச்சி. உடனே உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, காற்றுப்படும் இடத்தில் வைத்து, அப்படியே மருத்துவரிடம் ஓடுங்கள்.

நம் பக்கத்தில் வெயிலைவிட எனக்கு உண்ணிக் காய்ச்சல்தான் பயம். குளிர்ப் பகுதி நாய்க்கு அது புதிது. வந்து இறங்கும் முன்பே உண்ணி மருந்து ஆரம்பித்துவிட வேண்டும். திடீரென்று சாப்பாட்டை வெறுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ ரத்தப் பரிசோதனைக்கு ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

அங்கே என்ன சாப்பிட்டதோ அதையே முதல் வாரம் கொடுங்கள். அப்புறம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். வழுக்கும் டைல்ஸ் தரையில் சாக்கோ பாயோ விரியுங்கள், இடுப்பு தேய்ந்த நாய்க்கு அது பெரிய உதவி. நொண்டுகிறது என்று வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். நமக்கான புரூஃபென், டைக்ளோஃபினாக் எல்லாம் அதன் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். மாதாமாதம் மருந்துச் செலவு வரும் என்று இப்போதே ஒரு தொகையை ஒதுக்கிவையுங்கள்.

பிள்ளைகளிடம் ஒன்று சொல்லிவையுங்கள். தூங்கும்போதும், தட்டில் வாய் வைத்திருக்கும்போதும், பந்து வைத்திருக்கும்போதும் கிட்டே போகக் கூடாது. முதல் ஒரு மாதம் உங்கள் கணவர் இல்லாமல் நாயும் பிள்ளைகளும் தனியாக இருக்க வேண்டாம்.

அது எந்தச் சொல்லுக்கு உட்காரும், எந்தச் சொல்லுக்கு விடும், மருந்து எப்படிக் கொடுத்தால் விழுங்கும், எந்தச் சத்தத்துக்கு மிரளும் என்று அவரைச் சொல்லச் சொல்லி நீங்கள் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வந்து சேர்ந்ததும் அதன் எடை, பல்லின் நிலை, எந்தக் கால் நொண்டுகிறது என்ற விவரத்தோடு எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். சாப்பாட்டு அளவை நானே எழுதி அனுப்புகிறேன்.